ஆட்டை ஆரு பாத்துக்குவா?

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே மாசக்கணக்கு ஆச்சு. ஆபீசில் பிடுங்க வேண்டிய ஆணி அதிகம். இருந்தாலும் இந்தக் கதையை எழுதி வைக்கணும்னு தங்கமணி (வீட்டம்மாவுக்கு இங்கே அதுதான் பேர், பழைய ஆட்களுக்குத் தெரியும்) ரெண்டு வருஷமா நச்சரிக்கிறாங்க. கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் சொந்தக் கதை. காப்பியை எடுத்துக்கிட்டு உக்காருங்க.

2023 பிப்ரவரியில் நாங்க ரெண்டு பேரும் நாலு நாள் ஒரு ஆட்டுப் பால் பண்ணைக்குப் பொறுப்பாளர்களாக இருந்தோம். ஆக்ராவிலிருந்து எழுபது கிலோமீட்டர், பட்டேஷ்வர் பக்கம். பண்ணைக்காரர் என்னோடு ஒரே ஆபீசில் கணக்குப் பிரிவில் இருந்தவர். 2014ல் வேலையை விட்டுட்டு அப்பா நிலத்தில் ஆடு வளர்க்கப் போனார். அன்றிலிருந்து ஒன்பது வருஷமா அவரும் அவர் மனைவியும் சேர்ந்து ஒரு இடத்துக்கும் போனதில்லை. கல்யாணமோ காரியமோ, ஒருத்தர் போனால் ஒருத்தர் பண்ணையில் இருக்கணும். இந்தத் தடவை குவாலியரில் அவர் அண்ணன் பொண்ணுக்குக் கல்யாணம். ரெண்டு பேரும் போயே ஆகணும். சிக்கல் என்னன்னா, ஆடு கறக்கத் தெரிஞ்ச சொந்தக்காரங்க எல்லாருமே அதே கல்யாணத்துக்குப் போறாங்க. ஆக, கல்யாணத்துக்குப் போகாத ஆளா இருக்கணும், ஆடும் தெரிஞ்சிருக்கணும். "பாய்சாஹப், நீங்கதான் உங்க அம்மா ஆடு வளக்கிறாங்கன்னு சொல்வீங்களே" என்றார்.

சொன்னேன்தான். கரூர்ப் பக்கம் எங்க ஊரில் அம்மாவிடம் எப்பவும் ஏழெட்டு வெள்ளாடு இருக்கும். ஆனா ஒரு உண்மையை அவரிடம் சொல்லலை. நம்ம பக்கம் வெள்ளாடு என்பது பாலுக்காக இல்லை. கன்னி ஆடு, கொடி ஆடு, சேலம் கருப்பு என்று தமிழ்நாட்டின் பேர் பெற்ற வெள்ளாட்டு இனங்கள் எல்லாமே கறிக்காக வளர்க்கப்படுபவை. பால் குட்டிக்கு. மிஞ்சினால் வீட்டுக் கைக்குழந்தைக்கு ஒரு டம்ளர். நான் ஓட்டிப் போய் மேய்ச்சிருக்கேன், தழை ஒடிச்சுப் போட்டிருக்கேன், சாயங்காலம் குட்டிகளைப் பிடிச்சுக் கொடாப்பில் கவிழ்த்திருக்கேன். கறந்ததே இல்லை.

அந்த இடத்தைப் பற்றி முதலில் சொல்லணும். ஆக்ராவுக்குக் கிழக்கே யமுனையும் சம்பலும் கிட்டத்தட்ட இணையா ஓடி, எட்டாவா தாண்டிப் போய்ச் சேருது. நடுவில் உள்ள நிலம் முழுக்க மண் அரிச்சு அரிச்சு உண்டான பள்ளத்தாக்குகள். பீஹட் என்பார்கள். சம்பல் கொள்ளையர் கதையெல்லாம் அங்கேதான். அந்தப் பள்ளங்களில் நெல்லும் விளையாது, கோதுமையும் விளையாது. வேலமரம், இலந்தை, வன்னி, வேம்பு. இதையெல்லாம் மேய்ந்து பாலாக மாற்றக்கூடிய பிராணி ஒன்றுதான் உண்டு. அந்த மண்ணில் உருவானதுதான் ஜமுனாபாரி. பேரே "யமுனைக்கு அப்பால்" என்றுதான் பொருள். இதன் அசல் தாயகம் எட்டாவா மாவட்டத்தின் சக்கர்நகர் பகுதி. நல்ல உயரம், கிளி மூக்கு மாதிரி வளைந்த முகம், ஒரு அடி நீளத்துக்குத் தொங்கும் காது, பின்னந்தொடையில் கால்சட்டை போட்ட மாதிரி முடி. நம்ம ஊர் ஆட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் ஏதோ ஜமீன்தார் வந்து நிற்கிற மாதிரி இருக்கும்.

இந்த ஜமீன்தார் உலகம் சுற்றியவர். கப்பலில் குளிர்பெட்டி இல்லாத காலத்தில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்து போகும் கப்பல்களில் பயணிகளின் பாலுக்கென்று ஆடுகளை ஏற்றிக்கொண்டு போவார்கள். பசுவுக்குத் தீனியும் இடமும் அதிகம். ஆடு மூலையில் நின்று கிடைத்ததைத் தின்று பால் தரும். லண்டன் துறைமுகத்தில் இறங்கிய ஆடுகளை அங்கே இருந்த ஆடு வளர்ப்பவர்கள் வாங்கித் தங்கள் ஆடுகளோடு கலந்தார்கள். பிரிட்டிஷ் ஆட்டுச் சங்கம் 1879லேயே தொடங்கியாச்சு. 1896ல் இறக்குமதியான ஒரு ஜமுனாபாரிக் கிடாயின் பேரைக்கூட எழுதி வைத்திருக்கிறார்கள், செட்ஜ்மியர் சான்ஸலர். சான்ஸலர்! எட்டாவா பள்ளத்தில் வேலங்காய் தின்ன வேண்டியவர். இப்படி இந்திய, எகிப்திய ஆடுகளும் இங்கிலாந்து ஆடுகளும் கலந்து வந்ததுதான் ஆங்கிலோ நூபியன். இன்றைக்கு அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று உலகம் பூரா இருக்கிற பால் ஆட்டு இனம். பேரில் ஆங்கிலேயர் இருக்கிறார், நூபியா இருக்கிறது. யமுனை இல்லை. காதைப் பார்த்தால் மட்டும் தெரிந்துவிடும்.

கிழக்கே போனது இன்னொரு கதை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் இதே ஆட்டை ஜாவாவுக்குக் கொண்டு போனார்கள். அங்கே ஊர்ப் பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இந்தோனேசியாவில் இன்றும் அது "எத்தாவா" ஆடுதான். உள்ளூர் குட்டை ஆட்டோடு கலந்து வந்த இனத்துக்கு "பெரானாக்கன் எத்தாவா" என்று பேர். மத்திய ஜாவாவில் காலிகெசிங் என்ற மலைப்பகுதி இதற்குப் பேர் போனது. பெரானாக்கன் என்ற சொல்லை மலேசியா, சிங்கப்பூரில் இருந்து படிக்கிற நண்பர்கள் உடனே பிடித்திருப்பார்கள். வெளியிலிருந்து வந்தவர்களுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் அந்த மண்ணிலேயே பிறந்த வம்சம். பினாங்கில் போய்க் குடியேறிய தமிழ் முஸ்லிம்களின் வழிவந்தவர்களையும் ஜாவி பெரானாக்கன் என்றுதான் சொல்வார்கள். ஆட்டுக்கும் நமக்கும் ஒரே பட்டம் :-)

இவ்வளவும் பண்ணைக்கு வருமுன்னே ஆர்வத்தில் படித்து வைத்தது. முதல் நாள் அதிகாலை நாலரை மணிக்கு, பல்லை நடுக்கும் குளிரில், பால் சட்டியோடு குந்தியபோது இதில் ஒரு வரிகூட உதவவில்லை.

மொத்தம் இருபத்திரண்டு பெட்டை ஆடு, ரெண்டு கிடாய். பதிமூணு கறவையில். பாதி ஜமுனாபாரி, மீதி பர்பரி. பர்பரி குட்டை ஜாதி, சின்னக் காது, மான் மாதிரி புள்ளி. வேலங்காய், துவரைப் பொட்டு, இலந்தைத் தழை, கொஞ்சம் பார்லி. கிடாய் ரெண்டும் தூரத்தில் தனிக் கொட்டகையில். கிடாயின் வாடை பாலில் ஏறிவிடுமாம். ஆட்டுப் பால் நாறும் என்று நாம் சொல்வதில் பாதிப் பழி கிடாய்க்குப் போகணும். மேய்ச்சலுக்கு ஒரு தாத்தா வருவார், ஆனா கறக்க மாட்டார். அது அவர் வேலை இல்லை, பாபிஜியின் வேலை. பண்ணைக்காரர் கணக்கு, தீவனம், விற்பனை எல்லாம் பார்ப்பார். ஒன்பது வருஷமா காலையும் மாலையும் மடியில் கை வைத்தது அந்த அம்மா ஒருத்திதான். கிளம்பும்போது எல்லா ஆட்டையும் பேர் சொல்லித் தடவிக் கொடுத்துவிட்டு, தங்கமணியிடம் தன்னுடைய பழைய சால்வையைக் கொடுத்தார். "இதைப் போர்த்திக்கிட்டு உக்காருங்க. இல்லேன்னா விட மாட்டாளுக."

சால்வை போர்த்தாமல் நான் உட்கார்ந்தேன். முதல் ஆடு சட்டியில் கால் வைத்தது. ரெண்டாவது ஆடு மடியை இறுக்கிக்கொண்டது. காம்பை இழுக்கக் கூடாது, மேலே கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பாலைத் தடுத்துவிட்டு மற்ற விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பிழியணும். சொல்வது சுலபம். ஒரு மணி நேரத்தில் நான் கறந்தது ஒரு டம்ளர். தங்கமணி திருநெல்வேலி டவுனில் வளர்ந்தவங்க, ஆட்டைத் தொட்டதே இல்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாங்க. ரெண்டாவது நாள் மாலைக்குள் எட்டு ஆடு அவங்க கணக்கில். எனக்கு வாளி கழுவும் வேலை.

கறந்த சூட்டோடு பச்சையாகக் குடிப்பது அந்தப் பக்கம் வழக்கம். பால் வாங்க வந்த ஒருவர் எங்களுக்கும் நீட்டினார். தங்கமணி மறுத்து, காய்ச்சித்தான் கொடுப்பேன் என்றாங்க. அந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் ஒரு தீவின் சரித்திரமே இருக்கு. மால்டாவில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு மாசக்கணக்கில் விட்டு விட்டு வரும் ஒரு காய்ச்சல். 1887ல் டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் கிருமியைக் கண்டுபிடித்து அறிவித்துவிட்டார். எங்கிருந்து வருகிறது என்றுதான் தெரியவில்லை. தண்ணீரா, கொசுவா, சாக்கடையா என்று தேடினார்கள். 1905ல் மால்டாக்காரரான தெமிஸ்டோக்ளிஸ் சாமிட் ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்தார். வாசலுக்கு வாசல் ஓட்டி வந்து கண்ணெதிரே கறந்து கொடுக்கும், பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கும் ஆடுகள்! கிருமி அங்கேதான் இருந்தது. அதே ஆண்டு மால்டாவிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட ஆடுகளை அமெரிக்காவுக்கு ஏற்றிப்போன ஜோஷுவா நிக்கல்சன் என்ற கப்பலில், அந்தப் பாலைக் குடித்த மாலுமிகளில் பலர் காய்ச்சலில் விழுந்தார்கள். 1906ல் படைவீரர்களுக்கு ஆட்டுப் பாலை நிறுத்தினார்கள், காய்ச்சல் சரசரவென்று குறைந்தது. இன்றைக்கு அதன் பேர் புருசெல்லோசிஸ். இந்தியாவிலும் உண்டு. அதனால் ஆட்டுப் பாலோ மாட்டுப் பாலோ, காய்ச்சிக் குடியுங்க. பிரசவம் பார்க்கும்போது வெறுங்கையோடு பார்க்காதீங்க. அந்த நீரிலும் நஞ்சுக்கொடியிலும்தான் கிருமி அதிகம்.

டெங்குவுக்கு நல்லது என்பதும் அப்படித்தான். வடக்கே டெங்கு வரும் வருஷமெல்லாம் ஆட்டுப் பால் விலை பல மடங்கு எகிறும், 2015ல் டில்லியில் பெரிய செய்தியே ஆச்சு. பிளேட்லெட்டை அது ஏற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை. எளிதில் ஜீரணமாகும், கொழுப்புத் துளிகள் சின்னது, அதுவரை சரி. ஆனா போலிக் அமிலம் குறைவு. ஆட்டுப் பாலை மட்டுமே குடித்து வளர்ந்த குழந்தைகளுக்கு ரத்த சோகை வந்ததை ஜெர்மனியில் 1920களிலேயே பார்த்துவிட்டார்கள். பண்ணைக்காரரே இதை வாடிக்கையாளர்களிடம் சொல்கிறார், வியாபாரம் குறைந்தாலும்.

ஆட்டுப் பால் என்றதும் நம் எல்லாருக்கும் ஞாபகம் வருபவர் காந்திதான். அந்தக் கதையிலும் ஒரு பெண் இருக்கிறார். 1912ல் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது, நண்பர் காலன்பாக்கோடு சேர்ந்து காந்தி பாலை விட்டார். 1918ல் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் சேர்க்க நடந்து நடந்து வயிற்றுக்கடுப்பில் விழுந்தவர் பிழைப்பதே சந்தேகம் என்ற நிலைக்குப் போனார். 1919 தொடக்கத்தில் பம்பாயில் டாக்டர் தலால், பால் குடிக்காமல் உடம்பு தேறாது என்றார். விரதம் இருக்கிறதே என்றார் இவர். கட்டில் பக்கத்தில் நின்ற கஸ்தூரிபா, ஆட்டுப் பாலுக்கு என்ன தடை என்று கேட்டார். விரதம் எடுத்தபோது மனசில் இருந்தது பசுவும் எருமையும்தானே? காந்தி குடித்தார். பிழைத்தார். ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாட்டையே எழுப்பினார். விரதத்தின் எழுத்தைக் காப்பாற்றி உயிரை விட்டுவிட்டேன் என்று சுயசரிதையில் வருத்தப்பட்டும் எழுதினார். காந்தியின் ஆடு உலகப் புகழ் பெற்றது. கார்ட்டூன்காரர்கள் அவரை ஆடில்லாமல் வரைந்ததே அபூர்வம். தினமும் அதைக் கறந்தது யார், அவர் சிறைக்கும் யாத்திரைக்கும் போனபோதெல்லாம் அதற்குத் தீனி வைத்தது யார்? நமக்கு அந்தப் பேரெல்லாம் சொல்லித் தரவில்லை.

கப்பல் ஆட்டைக் கறந்தவர் பேரும் இல்லை. கிடாய்க்குச் சான்ஸலர் என்று பேர் வைத்து எழுதியவர்கள், எட்டாவாவில் அதை வளர்த்து விற்ற வீட்டை எழுதவில்லை. நம்ம அரசாங்கக் கணக்கிலும் ஆடு எண்ணிக்கையாக வரும். 1951ல் நாட்டில் சுமார் 4.7 கோடி வெள்ளாடு, 2019 கணக்கெடுப்பில் 14.88 கோடி. 1970லிருந்து 1996 வரை நடந்த வெண்மைப் புரட்சி பசுவையும் எருமையையும் நம்பி நடந்தது. ஆட்டுப் பால் மொத்தப் பாலில் நூற்றுக்கு மூன்று பங்குதான். அதிலும் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே தீர்ந்துவிடும், அல்லது வேறு பாலோடு கலந்து பேர் தெரியாமல் போய்விடும். மதுராவுக்குப் பக்கத்தில் மக்தூமில் 1979லிருந்து மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. ஜமுனாபாரியை அழியாமல் காக்கும் வேலையை அங்கே செய்கிறார்கள். ஜாவாவில் பெருகிய ஆட்டின் சுத்த ரத்தம், சொந்த ஊரில் காப்பாற்ற வேண்டிய நிலையில் இருக்கிறது. பீஹட்டைச் சமப்படுத்தி வயலாக்கினால் இலந்தை எங்கே இருக்கும்?

மூணாவது நாள் ராத்திரிதான் எங்களுக்குப் பரீட்சை. தலைச்சன் ஜமுனாபாரி ஒன்று, காது நுனி அறுந்தது, பத்து மணிக்குக் குட்டி போட்டது. ஒரு பெட்டைக் குட்டி. பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு துடைத்து எடுத்தோம். தாய் மோந்து பார்த்துவிட்டு முட்டித் தள்ளியது. மறுபடி கொண்டு போனோம், மறுபடி தள்ளியது. சீம்பால் குடிக்கலேன்னா விடியுமுன் குட்டி போயிடும் என்பது எனக்கே தெரியும். பண்ணைக்காரருக்குப் போன் போட்டால் கல்யாண பேண்டு சத்தத்தில் யாரும் எடுக்கலை. பதினோரு மணிக்கு அம்மாவைக் கூப்பிட்டேன்.

அம்மா முதலில் ஆட்டைக் காட்டச் சொன்னாங்க. வீடியோவில் பார்த்துவிட்டு, "என்ன சாமி, இத்தாச் சோடு காது!" அப்புறம் வரிசையாக உத்தரவு. குட்டியை ரொம்பத் துடைச்சுட்டீங்க, அவ வாடையே இல்லை. கீழே விழுந்த நீரை எடுத்துக் குட்டி முதுகில் தடவு. மேலே கொஞ்சம் கல்லுப்புத் தூவு, நக்குவா. தலையைச் செவுத்தோரம் சேத்துப் புடி. மொதல்ல நீ ரெண்டு பீச்சுப் பீச்சிக் காம்பைத் தொறந்து உடு. "நீ புடி, அவ குட்டிய ஊட்டட்டும். உன்ற கைக்கு அது வராது." ஏழாயிரம் ரூபாய்ப் போனுக்குள்ளே இருந்துகொண்டு ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு ஆட்டை அதட்டினாங்க. பன்னிரண்டு மணிக்குக் குட்டி வாலை ஆட்ட ஆரம்பித்தது. தாய் நக்கிக்கொண்டே நின்றது.

போனை வைக்கவில்லை. நிம்மதியில் ஏதோ பேச்சு. அப்பா 2016ல் போன பிறகு அம்மாவை ஆக்ராவுக்கு வந்துடுங்கன்னு கூப்பிடாத நாள் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான்: ஆட்டை ஆரு பாத்துக்குவா? ஏழு ஆட்டுக்காகப் பேரப்பிள்ளைகளை வேண்டாங்கறீங்களான்னு நான் கோபமாகவே கத்தியிருக்கேன். அதே கேள்வியை அன்றைக்கு வேற மாதிரி கேட்டேன். "2009ல பாப்பா பொறந்தப்ப நாப்பது நாள் வந்து இருந்தீங்களே, அப்ப ஆட்டை யாருமா பாத்துக்கிட்டா?"

"வித்துப்போட்டுத்தானே வந்தேன்."

எத்தனை?

"பதினொண்ணு. செனை ஆடுதான் நாலு. சந்தையில அவசரத்துக்கு வித்தா என்ன வெலை கெடைக்கும்? திரும்பிப் போய் ரெண்டு குட்டி வாங்கி மொதல்ல இருந்து ஆரம்பிச்சேன். அதுக்கென்ன இப்ப, தூங்கு போ."

பதினாலு வருஷமா இது எங்க ரெண்டு பேருக்குமே தெரியாது. அந்த நாற்பது நாளும் அம்மா நல்லா ஓய்வெடுத்தாங்க, ஊருக்குப் போக மனசே இல்லாம போனாங்கன்னு நாங்க சொல்லிக்கிட்டிருந்தோம். தங்கமணி அந்தச் சால்வையை மூஞ்சியில் பொத்திக்கிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தாங்க. நான் வாளி கழுவப் போயிட்டேன்.

பண்ணைக்காரங்க மறுநாள் மத்தியானம் வருவதாக இருந்தது. காலை எட்டு மணிக்கே வந்து நின்னாங்க. கையில் மருதாணி, பட்டுப் புடவை. பாபிஜி பெட்டியை வாசலில் வைத்துவிட்டு நேரா கொட்டகைக்குள்ளே போனார். பதிமூணு மடியையும் தொட்டுப் பார்த்தார். காதறுந்தவளையும் குட்டியையும் பார்த்துவிட்டுத்தான் எங்களைப் பார்த்தார். பால் அளவு நாலு நாளில் கிட்டத்தட்ட கால்வாசி குறைந்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, ரெண்டு வாரத்தில் சரியாயிடும் என்றார்.

அம்மாவுக்கு ராமேஸ்வரம் போகணும்னு ரொம்ப நாள் ஆசை. அப்பா காரியத்தோட அது அப்படியே நின்னு போச்சு. அந்த வருஷம் மே லீவுக்கு டிக்கெட் போட்டுட்டுச் சொன்னேன்: நாங்க வந்து ஒரு வாரம் ஆட்டைப் பாத்துக்கறோம், நீங்க பெரியம்மாவோட போயிட்டு வாங்க.

"உனக்குத்தான் கறக்கவே வரலியே, சாமி" என்றாங்க.

நம்ம ஆட்டைக் கறக்க வேண்டாமேம்மா.

கொஞ்ச நேரம் யோசனை. "செரி, உன்ற பொண்டாட்டி வர்றாளா, அதச் சொல்லு."